ஆறு சிலிண்டர்க்காரம்மா

அந்தம்மாவின் காரில் நான் முதன்முதலாகப் போன அன்று, எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஓர் இறக்கத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்னால் செங்கல் லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடி வந்துகொண்டிருந்தது. எனக்கு டயர் தாரில் உரசும் ஓசையும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசையும்தான் கேட்டன.

"வண்டி ஆஃப் ஆயிடுச்சுங்களா அம்மா?"

"ஆகலீங்க அம்மிணி. நாந்தான் நிறுத்துனேன்," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா உருள்ற எடத்துல இது எதுக்குக் குடிக்கோணும்?"

லாரி எங்களை உரசுவதுபோல் ஒதுங்கி முன்னால் போனது. கிளீனர் ஜன்னல் வழியாக எட்டி ஏதோ திட்டினான். அந்தம்மா அதைக் காதில் வாங்கவில்லை. இறக்கம் முடிந்து வண்டி தளரத் தொடங்கியதும் சாவியைத் திருப்பி, கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். ஒரு சின்னக் குலுங்கலோடு இன்ஜின் உயிர்பெற்றது. பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த முட்டை அட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை.

நான் சேலம் சூரமங்கலத்துக்காரி. நாமக்கல்லில் கோழித் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, எருமப்பட்டிப் பக்கம் அந்தம்மாவின் கோழிப்பண்ணையை ஒட்டியிருந்த வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை, கணவர் எப்போதோ இறந்துவிட்டார். பண்ணையைத் தனியாளாக நடத்தினார். காலையில் நாமக்கல் பேக்கரிகளுக்கு முட்டை கொண்டுபோகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார்.

அந்தப் பக்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. ஆறு சிலிண்டர்க்காரம்மா என்பார்கள். புதிதாக வந்தவர்கள் கேஸ் ஏஜென்சி நடத்துகிறவர் என்று நினைத்துக்கொண்டு சிலிண்டருக்குப் பதிவு செய்ய வருவதுண்டு. உண்மையில் அது அவருடைய காரால் வந்த பெயர். மாமனார் காலத்தில் வாங்கிய வெளிநாட்டுக் கார். கீரைப்பச்சை நிறம், படகு மாதிரி நீளம், மூக்குக்குள் வரிசையாக ஆறு சிலிண்டர். அந்த மாதிரி வண்டியை வைத்திருந்தவர்கள் எல்லாம் பெட்ரோலுக்கு மாளாமல் எப்போதோ விற்றுவிட்டார்கள் அல்லது கொட்டகையில் போட்டுத் துணி மூடிவிட்டார்கள். இவர் தினமும் ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட, அந்த வண்டி குடிக்காமல் பார்த்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

"நாலு பேரு செய்யற வேலைய இவத்த ஆறு பேரு செய்யறானுங்க," என்பார். "கூட ரெண்டு பேத்துக்குத் தீனி போட்டாகோணும். அதட்டி வேலை வாங்குனா தின்னு தீத்துருவானுங்க. அணைச்சுப் போனா அரைவயித்துல ஓடுவானுங்க."

ஆக்சிலேட்டர் மீது அவர் கால் இருப்பதே தெரியாது. ஆட்கள் சைக்கிளில் போகும் வேகத்திலேயே டாப் கியரைப் போட்டுவிடுவார். அந்தப் பெரிய இன்ஜின் முனகிக்கொண்டே இழுக்கும். பிரேக்கைத் தொடுவது அவருக்குப் பாவம் செய்கிற மாதிரி. பிரேக் போட்டால் ஓடிவந்த ஓட்டம் வீணாகிறது, மறுபடி வேகம் எடுக்கப் பெட்ரோல் வேண்டும். அதனால் எதிரே மாடு வந்தாலும் பள்ளிப்பிள்ளைகள் வந்தாலும், தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு, அவர்கள் விலகிவிடுவார்கள் என்று நம்பி உருண்டுகொண்டே போவார். நான் வலது காலால் காரின் தரையை அழுத்திக்கொண்டே இருப்பேன். வேலைக்குப் போய்ச் சேரும்போது ஆடுசதை வலிக்கும்.

காற்று தடுக்கும் என்று சித்திரை வெயிலிலும் கண்ணாடியை இறக்க விடமாட்டார். சாயங்காலம் திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தாலும் விளக்கைப் போடமாட்டார், விளக்கெரியவும் இன்ஜின்தானே உழைக்க வேண்டும் என்பார். கனம் கூடும் என்று டிக்கியிலிருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டார். ஒருநாள் என் கைப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க அம்மிணி, கல்லா வெச்சிருக்கறீங்க?"

"தண்ணி பாட்டில்ங்க."

"அங்க போனாத் தண்ணி கிடைக்காதுங்களா?"

சிரிக்காமல்தான் கேட்டார். மறுநாளிலிருந்து நான் பாட்டில் எடுத்துப் போகவில்லை.

ஒரு மெக்கானிக் ஒருமுறை, ஆறில் இரண்டு பிளக்கைக் கழற்றிவிட்டால் நாலு சிலிண்டராக ஓடும், பெட்ரோல் மிச்சமாகும் என்று யோசனை சொல்லியிருக்கிறான். "ரெண்டு கால் வெரலை வெட்டிப்போட்டா நீ சீக்கிரம் நடப்பயாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாராம். மிச்சம் பிடிக்கிற மோகத்தில் எதையும் செய்கிறவர் அல்ல. இன்னொன்றையும் போகப்போகக் கவனித்தேன். இவ்வளவு சிக்கனம் பார்ப்பவர், டேங்கைக் குறையவே விடமாட்டார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வாய்வரை நிரப்பிக்கொண்டுதான் வருவார். டாஷ்போர்டில் பெட்ரோல் முள் இருக்கும் வட்டத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். வீடு வந்ததும் கோடு கீறிய ஒரு வேப்பங்குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

காரைத் துடைப்பது ராசு. பண்ணையில் கோழிக்குத் தீவனம் வைப்பது, முட்டை பொறுக்குவது, வண்டி கழுவுவது எல்லாம் அவரும் அவர் மனைவியும்தான். ராசுவுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அந்தம்மா குச்சியை வெளியே எடுக்கும்போது ராசு எங்கே இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார். அந்தம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பார், குச்சியை அல்ல. எனக்கு அது முதலில் புரியவில்லை.

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். ஏறும்போது பயமில்லை. இன்ஜின் கொதித்து, நின்று நின்று ஏறியது. வழியெல்லாம் அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. ஏற்றத்தில் எவ்வளவு குடிக்கிறது என்ற கவலை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இறங்கத் தொடங்கினோம். முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் அவர் கை சாவிக்குப் போனது.

"இங்க வேண்டாங்க அம்மா," என்றேன்.

"ஏறறப்பக் குடிச்சத எறங்கறப்ப வாங்கிரோணுமுங்க."

இன்ஜின் அடங்கியது. மலையின் அமைதி ஒரேயடியாக வண்டிக்குள் வந்துவிட்டது. பூச்சிகளின் ரீங்காரம் கேட்டது. இந்தக் காலத்து வண்டியாக இருந்தால் சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், இது பழையது, திரும்பியது. வளைவு வரும்போது பிரேக், பிறகு உருளல், மறுபடி வளைவு. கியரில் இன்ஜின் ஓடினால் அதுவே வண்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இப்போது அவ்வளவு இரும்பையும் பிடித்து நிறுத்த அந்தப் பழைய பிரேக் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. வளைவுக்கு வளைவு அவர் கால் இன்னும் ஆழமாகப் போவதைப் பார்த்தேன். ஒரு வளைவில் கால் தரைவரை போய்விட்டது. வண்டி வேகம் குறையவில்லை. கீழிருந்து பஸ் ஒன்று முழு அகலத்துக்கும் திரும்பி மேலே வந்துகொண்டிருந்தது.

அந்தம்மா சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் அடித்துச் செருகி, கிளட்சை விட்டார். இன்ஜின் அலறியது. என் தலை கண்ணாடியில் முட்டியது. கை பிரேக்கையும் இழுத்துக்கொண்டு, இடப்பக்கச் சுவரில் வண்டியின் பக்கவாட்டை உரசவிட்டார். தகரம் கிழிபடும் சத்தத்தோடு கார் நின்றது. பஸ் ஒரு கை இடைவெளியில் எங்களைத் தாண்டி ஏறிப் போனது. டிரைவர் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு இன்ஜினை நிறுத்தாமல், கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஆறட்டும் என்று சாலையோரப் பாலச்சுவரில் உட்கார்ந்தோம். அப்போதுதான் கவனித்தேன். அந்தம்மாவின் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதுவரை அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் பயமா இல்லைங்களாம்மா?"

"பயமில்லாம என்னங்க," என்றார். "ஆனா அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்குது. அது மேல ஏறி உக்காந்துக்கிட்டு இதைப் பேச உடமாட்டீங்குது."

அவரே சொன்னார்.

"முப்பது வருசத்துக்கு முன்னால ஊட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துருச்சு. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. இந்த வண்டிதான். பின்னால மடியில போட்டுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். ராசிபுரந் தாண்டி வண்டி நின்னு போச்சு. பெட்ரோல் இல்ல. முள்ளு பாதி இருக்குதுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. தூரத்துல பங்க்கு லைட்டு தெரியுது. ஓட்டிட்டு வந்தவன் கேனை எடுத்துக்கிட்டு ஓடுனான். அவன் திரும்பி வாரக்குள்ள முடிஞ்சு போச்சு."

நான் கேட்டேன். "யார் ஓட்டினாங்க?"

"ராசுதான்."

"அப்புறமும் அவரையே வேலையில வச்சிருக்கீங்களே?"

அந்தம்மா சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு முந்தாநாளுதான் டேங்கை ரொப்பச் சொல்லியிருந்தேன். ரொப்புனேன்னு சொன்னான். அப்பறம் எப்படித் தீந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டதில்ல இதுவரைக்கும். கண்ணு முன்னால இருக்கட்டும்னு வெச்சிருக்கறேன்."

அந்த வார்த்தையை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். மலையில் வந்ததைவிட வேறு மாதிரியான பயம் அப்போது எனக்கு வந்தது. முப்பது வருடமாக ஒருவர் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வியும், அது எந்த நாளில் வரும் என்று பார்த்தபடி வண்டியைத் துடைக்கும் இன்னொருவரும். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் குடியிருந்தேன்.

அந்த வருட மழைக்காலத்துக்குப் பிறகு வேப்பங்குச்சி தப்பாகச் சொல்லத் தொடங்கியது. அதே சாலை, அதே வேகம், அதே முட்டை அட்டைகள். ஒரு கோடு இறங்க வேண்டிய இடத்தில் ஒன்றரை இறங்கியது. பிறகு இரண்டு. அந்தம்மா டயருக்குக் காற்று பார்த்தார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். குனிந்து தரையைப் பார்த்தார், ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொட்டகைக்கு ஒரு பூட்டு வந்தது. டேங்க் மூடிக்கு இன்னொரு பூட்டு வந்தது. அப்படியும் குறைந்தது.

வண்டிக்குள் பெட்ரோல் வாசம் கொஞ்சம் கூடுதலாக வருவதுபோல் எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"பழைய வண்டின்னா வாசம் வரத்தானுங்க செய்யும்," என்றார். "வாசத்துல இவ்வளவு கொறையாது. கைதான் கொறைக்குது."

அதிலிருந்து வீட்டில் யாரும் இயல்பாகப் பேசவில்லை. தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு ராசு கொட்டகைப் பக்கம் போனால் அந்தம்மா சமையலறை ஜன்னலுக்கு வந்து நிற்பார். ராசுவின் மனைவி தண்ணீர்க் குடத்தைக்கூட வழக்கமான வழியில் கொண்டுபோகாமல் கோழிக் கூண்டுகளைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒருநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வாசலில் நுழைந்தபோது அந்தம்மா எதிரில் வந்தார்.

"கையக் காட்டுங்க அம்மிணி."

விளையாட்டு என்று நினைத்து நீட்டினேன். என் இரண்டு கைகளையும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ரசாயனங்களோடு இருக்கிற கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஒரு நெடி இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிடி தளரவில்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராசு தினமும் எப்படி நிற்கிறார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

"மருந்து வாசம்," என்று சொல்லிக் கையை விட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்த வாரமே சேலத்தில் அப்பாவுக்குப் போன் செய்து, வேறு வீடு பார்க்கப்போகிறேன் என்று சொன்னேன்.

அதற்குள் அது நடந்துவிட்டது. காலையில் புறப்படும் நேரம். ராசு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா குச்சியை வெளியே எடுத்தார். ஈரம் எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ராசு, ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்கம்மா."

"பூட்டு போட்டும் கொறையுதே, எப்படி?"

"எனக்குத் தெரியலீங்கம்மா. நான் வண்டியத் தொடைக்கறதோட சரிங்க."

"தொடைக்கறதோட சரியா?" அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கும் ரொப்புனதோட சரின்னுதான் சொன்ன."

ராசுவின் கை கண்ணாடி மேலேயே நின்றது. பிறகு துணியை எடுத்து உதறி, நாலாக மடித்து, பானெட்டின் மேல் வைத்தார். தன் குடிசைப் பக்கம் நடந்து போனார். நடையில் வேகம் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாங்கள் நாமக்கல் போய்த் திரும்புவதற்குள் அவரும் மனைவியும் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜலகண்டாபுரத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அங்கே.

அவர்கள் போன பிறகும் கோடு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அந்தம்மா என்னிடம் சொல்லவில்லை. குச்சியை எடுத்துப் பார்த்து, சேலையில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனியாக நின்றுகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாத ஒருவருடைய முகம் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

நான் வீடு மாறுவதற்கு இருந்த கடைசி வாரத்தில் ஒரு காலை. அதே சாலை, அதே இறக்கம். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். உருண்டோம். மூடிய கண்ணாடிக்குள் வாசம் மூச்சை அடைத்தது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் இறக்கம் முடிந்தது. அவர் சாவியைப் போட்டுக் கிளட்சை விட்டார். பானெட்டுக்குள் பட்டென்று ஒரு வெடிச்சத்தம். அதன் விளிம்பு நெடுக மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தது. பெயின்ட் கொப்பளித்துக் கறுப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

"எறங்குங்க," என்றார். "எறங்கி ஓடுங்க."

கதவுப் பிடி எனக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மறந்துவிட்டது. அவர் என் மேல் குறுக்கே சாய்ந்து திறந்து, என்னைத் தள்ளினார். நான் சரளைக்கல்லில் விழுந்து எழுந்து ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவர் ஓடவில்லை. காரின் முன்னால் நின்று பானெட்டைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். தகரம் கை பட்ட இடத்தில் சுட்டிருக்க வேண்டும். எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். நான் திரும்பிப் போய் அவர் இடுப்பைக் கட்டி இழுத்தேன். அவருக்கு மெலிந்த உடம்பு, ஆனால் அசையவில்லை.

"டேங்க் ரொம்ப இருக்குதுங்க," என்று முனகிக்கொண்டே இருந்தார். "ரொம்ப இருக்குது. வாய்வரைக்கும் இருக்குது."

எனக்கு அதைக் கேட்டதும் காதுக்குள் ஒன்றும் கேட்காமல் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க அவர் குறையவிடாமல் வைத்திருந்த அந்த டேங்க், தீக்குப் பின்னால் ஒரு காரின் நீளத்தில் இருந்தது.

முட்டை லாரி ஒன்று நின்றது. டிரைவர் தீயணைக்கும் சிலிண்டரோடு குதித்து ஓடிவந்தார். கிளீனர் ரோட்டோரத்து மணலை வாரிவாரி வீசினான். வெள்ளைப் புகையும் கறுப்புப் புகையும் கலந்து சாலையை மூடின. தீ பின்னால் வரவில்லை. அணைந்தது. அந்தம்மாவின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்து தோல் உரிந்திருந்தன. அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து, அவற்றை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் முட்டைகள் அப்படியே இருந்தன.

நான் வீடு மாறுவதைத் தள்ளிப்போட்டேன். அவர் கைகளில் கட்டுப் போட்டுக்கொண்டு சில நாள் கழித்து, வண்டியை இழுத்துக்கொண்டுபோன லாரிப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் எரியாமல் மிஞ்சிய ஒரு துண்டைக் காட்டினார். விரலால் அழுத்தினார். ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது.

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கம்மா. பழைய ரப்பருக்கு அது ஆகாது. மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். அதோட இதும் ஒழுகியிருக்குது."

"தரையில ஒரு சொட்டு இல்லீங்களே," என்றார் அந்தம்மா.

"நிறுத்தி வெச்சா ஒழுகாதுங்க. இன்ஜின் ஓடறப்பதான் பம்பு தள்ளும், அப்பத்தான் கசியும். சூட்டுல ஆவியாப் போயிரும். கீழ விழுந்தாத்தான தெரியும்?"

"எத்தன நாளா இருக்கும்?"

"மாசக்கணக்கா இருக்குமுங்க."

அந்தம்மா குழாய்த் துண்டைக் கட்டுப் போட்ட கையால் வாங்க முயன்றார். முடியவில்லை. நான் வாங்கி அவர் முன்னால் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"முந்தி ஒருக்கா, இந்த எத்தனால் எல்லாம் வாரதுக்கு முந்தி, முப்பது வருசம் இருக்கும், அப்பவும் இந்த மாதிரி ஒழுகியிருக்குமுங்களா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "ரப்பர் எப்ப வேணாலும் வெடிக்குமுங்க. ஆனா அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

மறுநாள் காலையில் நானும் அவரும் சேலம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி ஜலகண்டாபுரம் போனோம். ராசுவின் மகள் வீடு ஒரு தறிக்கூடத்தின் பின்பக்கம். விசைத்தறிகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ராசு எங்களைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் அவர் பார்த்தது அந்தம்மாவின் கைகளை.

"என்னங்கம்மா ஆச்சு?"

"வண்டி தீப்புடிச்சுக்கிச்சு. உக்காரு."

ராசு உட்காரவில்லை. அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியாததால் நான் வாங்கி வாயில் வைத்தேன். ஒரு மடக்குக் குடித்தார்.

"குழாய்தான் ஒழுகியிருக்குது ராசு. யாரும் எடுக்கல."

"நல்லதுங்கம்மா."

"உன்னைய நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

ராசு துண்டின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

"அன்னைக்கும் ஒழுகித்தான் தீந்துச்சோ என்னமோ," என்றார் அந்தம்மா.

"தெரியலீங்கம்மா. நான் ரொப்புனது நெசம். அப்பறம் எப்படித் தீந்துச்சுன்னு நானுந்தான் இத்தன வருசமா யோசிச்சுக்கிட்டு இருக்கறேன். நீங்க ஒரு நாள் கேப்பீங்க, அன்னைக்கு என்ன சொல்றதுன்னு."

"கேட்டுட்டேன். முடிஞ்சு போச்சு. பண்ணைக்கு வந்துரு. ரெண்டு பேரும் வந்துருங்க."

மகள் கதவோரம் நின்று தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராசு தலையை நிமிர்த்தாமல் பேசினார். அந்தச் சத்தத்தில் நான் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டாங்கம்மா. இங்க வந்து நாலு நாளு கழிச்சுத்தான் எனக்கு ஒழுங்காச் சோறு எறங்குச்சு. உங்களப் பாத்தா எனக்குப் பயமுங்க. அன்னையிலிருந்து பயந்துக்கிட்டேதான் இருந்தேன். இப்பக்கூட, நீங்க உள்ள வந்தப்ப, கை காலெல்லாம் ஓடலீங்க."

தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கைகளையும் கூப்பினார். அந்தம்மா அந்தக் கைகளையே பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. யாரோ நெடுநாள் கழித்து ஒரு கணக்கைச் சரியாகச் சொன்னதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"சரி ராசு," என்றார். "இனிமே நீ பயப்பட வேண்டாம். நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

ராசு அதை மறுக்கவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை கூப்பிய கையோடு வாசலில் நின்றார்.